கிரெல்களின் முகம் தெரியாமலே இருக்கட்டும்

2024 நவம்பரில் வந்த செய்தி அது. 1956-இல் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தை வார்னர் பிரதர்ஸ் புதிதாக எடுக்கப்போகிறது. திரைக்கதை எழுதுபவர் காமிக்ஸ் உலகில் பெரிய பெயர் பெற்ற பிரையன் கே. வான். தயாரிப்பாளர் எம்மா வாட்ஸ். படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி படுக்கும்போது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. பழைய படத்தில் எனக்குப் பிடித்த விஷயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கு எடுத்தால் முதலில் காணாமல் போகக்கூடியவை அவைதான் என்று பட்டது. இந்த இரண்டு மனநிலைக்குமான காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கதையிலிருந்தே தொடங்குகிறேன். முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது 23-ஆம் நூற்றாண்டில். ஆல்டைர் 4 என்ற கோளுக்கு 20 வருடங்களுக்கு முன் ‘பெல்லரோஃபான்’ என்ற விண்கப்பலில் போன ஆராய்ச்சிக் குழுவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என்ன ஆனார்கள் என்று பார்த்துவர கமாண்டர் ஆடம்ஸ் தலைமையில் இன்னொரு கப்பல் போகிறது. அங்கே உயிரோடு இருப்பது இரண்டே பேர்: மொழியறிஞர் டாக்டர் மோர்பியஸ், அவர் மகள் ஆல்டைரா. கூட ராபி என்ற ரோபோ. பெல்லரோஃபானில் வந்த குழுவினரில் பெரும்பாலோரைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கிழித்துப் போட்டுவிட்டது, மிஞ்சியவர்கள் தப்பிக்கப் பார்த்தபோது கப்பலோடு அழிந்தார்கள் என்கிறார் மோர்பியஸ். அவர் மனைவி மட்டும் பிறகு இயற்கையாக இறந்தாராம். இத்தனை வருடமாக அந்த ‘ஏதோ ஒன்று’ திரும்பி வரவேயில்லை. ஆடம்ஸின் கப்பல் இறங்கிய பிறகு மறுபடி வருகிறது.

அந்தக் கோளில் 2 லட்சம் வருடங்களுக்கு முன் கிரெல் என்ற இனம் வாழ்ந்தது. அறிவிலும் ஒழுக்கத்திலும் மனிதர்களைவிடப் பல படி மேலே போனவர்கள். ஒரே ராத்திரியில் மொத்தமாக அழிந்துபோனார்கள். அவர்கள் விட்டுப்போன இயந்திரம் மட்டும் நிலத்துக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கனசதுரம். உள்ளே 9,200 அணு உலைகள். தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ளும். எதற்காகக் கட்டினார்கள் என்பது படத்தின் கடைசிப் பகுதியில்தான் தெரிகிறது. மனதில் நினைத்தது எதுவோ அது உடனே உருவாக வேண்டும். கை வேண்டாம், கருவி வேண்டாம், நினைப்பு போதும். கிரெல்கள் இதைச் சாதித்துவிட்டார்கள். ஆனால் தங்களுக்கு ஒரு அடிமனம் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள். இயந்திரத்தை முடுக்கிய அன்று ராத்திரி, தூக்கத்தில், அவரவர் அடிமனதில் கிடந்த பகையும் வெறியும் உருவம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தன. விடிவதற்குள் யாருமே மிஞ்சவில்லை.

நம் பாட்டிமார் சொல்லும் கற்பக மரக் கதையைக் கேட்டிருப்பீர்கள். நடந்து களைத்த ஒருவன் தெரியாமல் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, சாப்பாடு வேண்டும் என்று நினைக்கிறான், வருகிறது. படுக்கை வேண்டும் என்கிறான், வருகிறது. அப்புறம், இந்நேரம் ஒரு புலி வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறான். ‘ஃபர்பிடன் பிளானட்’ அந்தக் கதையை 9,200 அணு உலைகளோடு சொல்கிறது. நான் முதல்முறை பார்த்தபோது கதை அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெல்லரோஃபான் குழுவைக் கொன்றது யார்? மோர்பியஸ்தான். அவருக்கே தெரியாமல். கிரெல்களின் கருவி ஒன்றில் தன் மூளைத்திறனை இரண்டு மடங்காக ஆக்கிக்கொண்டவர் அவர். அதனால் அந்த இயந்திரம் அவர் அடிமனதுக்கும் வேலை செய்கிறது. குழுவினர் பூமிக்குத் திரும்ப முடிவெடுத்தபோது அவருக்கு ஆத்திரம். இப்போது ஆடம்ஸ் வந்து மகளின் மனதைத் தொட்டதும் மறுபடி ஆத்திரம். ஃபிராய்டு ‘இட்’ என்று பெயர் வைத்தாரே, ஊரையும் அறத்தையும் பார்க்காத ஆசைகள் அடைந்து கிடக்கும் இடம், அங்கிருந்து எழுந்து வருகிறது அந்த மிருகம்.

ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா முதன்முதலில் சோதித்தது 1952 நவம்பரில். இந்தப் படத்தின் மூலக்கதையை இர்விங் பிளாக்கும் ஆலன் ஆட்லரும் எழுதியதும் அதே காலகட்டத்தில்தான். திரைக்கதை ஆக்கியவர் சிரில் ஹ்யூம். அறிவு இத்தனை வேகமாக வளர்கிறதே, அதைக் கையில் வைத்திருப்பவனின் மனசு அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறதா என்ற கேள்வி அன்று நாளிதழ்களிலேயே இருந்தது. ஆனால் அந்த வருடங்களில் வந்த பெரும்பாலான அறிவியல் புனைகதைப் படங்களில் ஆபத்து வெளியிலிருந்து வரும். பறக்கும் தட்டில் வரும், கதிரியக்கத்தால் பெருத்த எறும்பாக வரும். இந்தப் படம் மட்டும் திரும்பி மனிதனைப் பார்த்தது.

சரி, இதில் ரீமேக் என்றால் ஏன் பயம்?

படத்தில் நீங்கள் கிரெல்களைப் பார்க்கவே மாட்டீர்கள். ஒரு ஓவியம் இல்லை, சிலை இல்லை, எலும்பு இல்லை. மோர்பியஸ் ஒரு வாசலைக் காட்டுகிறார். மனித வாசலைப் போல நெட்டுக்குத்தாக இல்லாமல், கீழ்ப்பகுதி அகன்று மேலே குறுகும் வடிவம். அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை இதைப் பார்த்து ஊகித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவ்வளவுதான். கேமரா அந்த வாசலைக் கடந்து போய்விடுகிறது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் நம் கண் நிற்கிறது. இந்த அகலத்துக்கு எத்தனை கால்? இந்த உயரத்துக்கு எப்படிப்பட்ட தலை? ஒரு முழு நாகரிகத்தை ஒரு கதவுச் சட்டத்தால் மனதில் எழுப்பிவிட்டார்கள்.

மிருகமும் அப்படித்தான். முதலில் மணலில் காலடித் தடம் பதிகிறது, கால் தெரிவதில்லை. கப்பலின் படிக்கட்டு பாரத்தில் வளைகிறது, ஏறுவது தெரிவதில்லை. தடத்தை அச்செடுத்துப் பார்க்கும் கப்பல் மருத்துவர், பரிணாம விதிகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது என்கிறார். பொருந்தாமல் இருப்பதற்கான காரணம் பின்னால் புரியும். அது பரிணாமத்தில் வந்ததே இல்லை, கனவில் வந்தது. பிறகு ஒரே ஒரு காட்சியில், கப்பலைச் சுற்றிப் போட்ட மின்வேலியில் அது மோதும்போது, மின்னலிலும் துப்பாக்கிக் கதிர்களிலும் அதன் வெளிக்கோடு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. சில நொடிகள்தான். வரைந்தவர் ஜோஷுவா மீடர், டிஸ்னி நிறுவனத்திலிருந்து இந்தப் படத்துக்காகக் கடன் வாங்கப்பட்ட அனிமேட்டர். கணினி இல்லை, கையால் வரைந்த கோடுகள். அதே நேரத்தில் மோர்பியஸ் தன் மேசையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் அளவுமானிகள் வரிசை வரிசையாக எரிகின்றன. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப்போல் பத்து மடங்கு ஆற்றலைக் காட்டுவது. மகளின் அலறலில் அவர் விழிக்கிறார். அங்கே மிருகம் மறைகிறது. யாரும் எதையும் விளக்கவில்லை. பார்க்கிறவருக்கு மட்டும் முதுகு சில்லிடுகிறது.

இன்றைய ஒரு பெரிய ஸ்டூடியோ, சில ஆயிரம் கோடி ரூபாய் கணக்கில் செலவழிக்கும் படத்தில், கிரெல்களைக் காட்டாமல் விடுமா? அவர்கள் அழிந்த அந்த ஒரு ராத்திரியைப் பத்து நிமிட முன்கதையாகக் காட்டாமல் இருக்குமா? அந்த ஆசையை அடக்குவது மிகவும் கடினம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2008-இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்கு நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 1951-இல் வந்த மூலப்படத்தில் கோர்ட் என்ற ரோபோ பெரும்பாலும் அசையாமல் நின்றுகொண்டே இருக்கும். முகத்திரை மெல்ல உயரும்போது வயிறு கலங்கும். ரீமேக்கில் அதே கோர்ட் கோடிக்கணக்கான உலோகப் பூச்சிகளாகச் சிதறி லாரிகளையும் ஸ்டேடியத்தையும் தின்றது. கண்ணுக்கு நிறைய வேலை கிடைத்தது. பயம் வரவில்லை.

இன்னொன்று ஓசை. இந்தப் படத்தில் வாத்திய இசையே கிடையாது. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த லூயிஸ் பேரன், பெபி பேரன் என்ற தம்பதி முழுப் படத்துக்கும் மின்சுற்றுகளால் ஒலி அமைத்தார்கள். முழுநீளப் படம் ஒன்றுக்கு முற்றிலும் மின்னணு ஒலியிலேயே இசை அமைந்தது அதுதான் முதல்முறை. மின்னணு ஒலிகளை எழுப்பும் வாத்தியமான சிந்தசைசரை ராபர்ட் மோக் கொண்டுவந்தது 1964-இல்தான். அதற்கு எட்டு வருடம் முன்பு இவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் உயிர் பாதி அதில் இருக்கிறது.

உயிர்களும் இயந்திரங்களும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தைப் பற்றிக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948-இல் எழுதிய ‘சைபர்னெடிக்ஸ்’ நூலைப் படித்துவிட்டு லூயிஸ், பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய் வால்வுகளை வைத்துச் சின்னச் சின்ன மின்சுற்றுகளைக் கட்டினார். மின்சாரத்தை அளவுக்கு மீறிச் செலுத்தினால் ஒவ்வொரு சுற்றும் முனகும், சீறும், துடிக்கும், கடைசியில் எரிந்து போகும். எரிந்தது எரிந்ததுதான், அதே சத்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் டேப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த டேப் சுருள்களை மணிக்கணக்கில் கேட்டு, எந்தத் துண்டு எந்தக் காட்சிக்கு என்று பிரித்து எடுத்தவர் பெபி. சுற்றுகளை அவர்கள் உயிருள்ளவை போலவே கருதினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பும் ஒரு சாவும் உண்டு என்று. மிருகம் வரும்போது நாம் கேட்பது, ஒருமுறை மட்டும் வாழ்ந்து கருகிப்போன ஒரு கருவியின் குரல். எது இசை, எது கோளின் காற்று, எது இயந்திரத்தின் மூச்சு என்று பிரிக்க முடியாது. இசைக் கலைஞர் சங்கத்தோடு சிக்கல் வரக்கூடாது என்று டைட்டிலில் ‘இசை’ என்று போடாமல் ‘மின்னணு ஒலிகள்’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டார்கள். ஆஸ்கர் இசைப் பிரிவுக்கும் அது போகவில்லை. அந்தத் தம்பதிக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிய படத்தில் தொண்ணூறு பேர் ஆர்கெஸ்ட்ரா முழங்குமோ என்று நினைக்கும்போது மனம் சுருங்குகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ரீமேக் வேண்டாம் என்று முடிக்க என்னால் முடியாது. அந்தப் படமே ஒரு வகையில் மறுஆக்கம்தான். ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் ஆளில்லாத் தீவில் மகளோடு இருக்கும் மந்திரவாதி பிராஸ்பெரோ இங்கே மோர்பியஸ். மகள் மிராண்டா ஆல்டைரா. ஏவல் செய்யும் ஏரியல்தான் ராபி. காலிபன் என்ற காட்டுப்பிறவிதான் அந்த மிருகம். நாடகத்தின் முடிவில் பிராஸ்பெரோ காலிபனைக் காட்டி, இந்த இருட்டு என்னுடையது என்று ஒப்புக்கொள்வார். ஒரே வரி. அந்த வரியை எடுத்து ஒரு முழுக் கதையாக விரித்ததுதான் இந்தப் படம். 1611 வாக்கில் எழுதப்பட்ட நாடகத்தை 1956 தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது சரி என்றால், அந்த உரிமை நம் காலத்துக்கும் உண்டு.

மாற்றவேண்டியதும் இருக்கிறது, முதலில் ஆல்டைராவை. ஆன் ஃபிரான்சிஸ் நன்றாகவே நடித்திருக்கிறார், கோளாறு எழுத்தில். தந்தையைத் தவிர வேறு மனிதரையே பார்க்காமல் வளர்ந்த ஒரு பெண். விலங்குகளோடு பேசிப் பழகியவள். கிரெல்களின் நூலகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளிடம் கேட்க எவ்வளவு இருந்திருக்கும்! கப்பலில் வந்த ஆண்கள் அவளிடம் செய்வதோ முத்தம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஏமாற்றுவதும், இப்படி உடுத்திக்கொண்டு என் ஆட்கள் முன்னால் வராதே என்று கமாண்டர் திட்டுவதும்தான். தவறு செய்தவன் அவருடைய ஆள், திட்டு வாங்குகிறவள் இவள். அடுத்த காட்சியிலேயே ராபியிடம் உடம்பு முழுக்க மூடும் உடை ஒன்று தைத்துக் கேட்கிறாள். நான் ரசிக்கும் படம்தான், இருந்தாலும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சங்கடமாக இருக்கிறது. கப்பலில் ஒரு பெண் கூட இல்லை. எல்லோரும் வெள்ளைக்கார இளைஞர்கள். படத்தின் தொடக்க வர்ணனை நிலவில் ஆண்களும் பெண்களும் இறங்கியதாகச் சொல்கிறது, கப்பலுக்குள் அந்தப் பெண்களைக் காணோம். (அந்த வர்ணனைப்படி மனிதர் நிலவில் இறங்குவது 21-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருடங்களில். படம் வந்த 13 வருடத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கிவிட்டார்.)

இந்த இடத்தில்தான் திரைக்கதையாளர் பிரையன் கே. வானின் பெயர் எனக்கு நம்பிக்கை தருகிறது. ‘ஒய்: தி லாஸ்ட் மேன்’ காமிக்ஸில் உலகத்து ஆண்களெல்லாம் ஒரே நேரத்தில் இறந்துபோக, ஒருவன் மட்டும் மிஞ்சுவான், மீதி உலகத்தை நடத்துகிறவர்கள் எல்லோரும் பெண்கள். ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைந்த ‘சாகா’வில், போரிடும் இரண்டு இனங்களில் பிறந்த தாய்க்கும் தந்தைக்கும் மகளான ஒரு பெண்தான் கதை சொல்கிறாள். பெற்றோரின் காதலும் பயமும் குழந்தை மேல் எப்படி விழுகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாக எழுதிய ஒருவர், மோர்பியஸ் கதையை மகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்! தன்னை இழக்கப் பிடிக்காத அப்பாவின் பாசமே ராத்திரியில் மிருகமாக நடக்கிறது என்று ஒரு மகள் கண்டுபிடிக்கிறாள். பழைய படம் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த வலியில் அது நிற்கவேயில்லை.

நல்ல முன்னுதாரணங்களும் உண்டு. 1951-இல் வந்த ‘தி திங்’ கதையை ஜான் கார்பென்டர் 1982-இல் எடுத்தபோது மூலக்குறுநாவலுக்குத் திரும்பிப் போனார். பழைய படம் விட்டுவிட்ட சந்தேகத்தை, பக்கத்தில் இருப்பவன் மனிதன்தானா என்ற அந்தக் கேள்வியை, மீட்டெடுத்தார். வந்தபோது யாரும் கொண்டாடவில்லை, இன்று அதுதான் பேசப்படுகிறது. 1986-இல் குரோனென்பெர்க் எடுத்த ‘தி ஃபிளை’யும் அப்படி. இரண்டு படமும் எக்கச்சக்கமாகக் காட்டின. ஆனால் அவற்றின் கதையே உடம்பு உருமாறுவதைப் பற்றியது, காட்டினால்தான் உண்டு. மனதுக்குள் இருப்பதைப் பற்றிய கதைக்கு அந்த வழி பொருந்தாது.

உரிமை எப்படி வார்னருக்குப் போனது என்று கேட்பவர்களுக்கு: எம்ஜிஎம்மின் பழைய படங்களை 1986-இல் டெட் டர்னர் வாங்கினார், 1996-இல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. ரீமேக் பேச்சும் புதிதில்லை. 2008-இலேயே ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி திரைக்கதை எழுதுவதாகச் செய்தி வந்தது, படம் வரவில்லை. இதுவும் வராமல் போகலாம்.

ராபியைச் சொல்லாமல் விட்டால் அது குறை. 2017-இல் போனம்ஸ் ஏலத்தில் அந்த மூல ரோபோ உடை 53 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. பொம்மையாக, விளம்பரமாக எங்கும் இருப்பதால் அது ஏதோ கோமாளிப் பாத்திரம் என்று நினைத்துவிடுகிறோம். சமையல்காரனுக்கு 60 கேலன் விஸ்கி வடித்துக் கொடுக்கிற காட்சியும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் மிக நுட்பமான இடம் அதன் கையில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதருக்குத் தீங்கு செய்யச் சொன்னால் ராபியின் சுற்றுகள் அடைத்துக்கொள்ளும் என்று தொடக்கத்திலேயே மோர்பியஸ் காட்டிவிடுகிறார். கடைசியில் மிருகம் வீட்டை நெருங்கி வரும்போது, அதைக் கொல் என்று ராபிக்கு ஆணையிடுகிறார். ராபி அசையாமல் நின்றுவிடுகிறது, உள்ளே பொறி பறக்கிறது. வருவது யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மோர்பியஸைக் கொல்லச் சொல்லி மோர்பியஸே கேட்கிறார் என்பது அங்கே இருப்பவர்களில் அந்த ரோபோவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ராபி ஒரு வார்த்தை பேசுவதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் நினைத்ததையெல்லாம் கேட்கப் பழகிவிட்ட நமக்கு இந்தக் காட்சி 1956-இன் பார்வையாளரைவிட நெருக்கமாக இருக்கும். கிரெல்களின் இயந்திரத்தை நாம் கட்டிவிடவில்லைதான். ஆனால் கேட்டதும் கிடைக்க வேண்டும் என்ற அதே ஆசையில் இருக்கிறோம். இந்தப் படத்தை இன்று திரும்ப எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

போன விடுமுறையில் அக்கா மகனை உட்கார்த்தி வைத்துப் பழைய படத்தைப் போட்டேன். அவனுக்கு 15 வயது. முதல் அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெதுவாகத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். சத்தம் வித்தியாசமா இருக்கே மாமா என்று ஒருமுறை கேட்டான். அந்த வாசல் வந்த இடத்தில் போனைக் கீழே வைத்தான். படம் முடிந்த பிறகு, அப்போ கிரெல் எப்படித்தான் இருக்கும் என்றான். தெரியாது என்றேன். நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லையே என்று சொல்லி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தான். அகலமான இடுப்பு, நான்கு கால், தோளே இல்லாமல் மேலே குறுகிப்போகும் தலை. எனக்குத் தோன்றியது அப்படி இல்லை, வால் ஒன்று தரையில் இழுபட வேண்டும் என்றேன். வாலா, படிக்கட்டே இல்லாத ஊர்ல வால் எதுக்கு மாமா என்றான். படிக்கட்டு இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. மறுபடி அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்தோம்.